வாசகர் கேள்வி: நானோ ஆன்டெனாவும் மரபணு நெறிமுறையும்

கேள்வி: 830 நானோமீட்டர் அலைநீள ஒளியைச் சிறு இடத்தில் குவிக்கும் தங்க நானோ ஆன்டெனாவின் வடிவத்தை மரபணு நெறிமுறையால் (நல்ல வடிவங்களைக் கலந்து, மாற்றி, தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் கணினித் தேடலால்) தேடுகிறேன். 21×21 கட்டம், ஒவ்வொன்றும் 10 நானோமீட்டர்; ஒவ்வொன்றிலும் தங்கம் இருக்கும் அல்லது காலியாக இருக்கும். மூலையோடு மூலை தொடும் வடிவங்களே ஜெயிக்கின்றன. ஏன்?
– முதுகலை இயற்பியல் மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: பரப்பு முழுவதும் தேடி, கிடைக்கும் உச்ச மின்புலத்தை மதிப்பெண்ணாக வைத்திருப்பீர்கள். நிரல் கேட்டதைத்தான் தந்திருக்கிறது! மூலைத் தொடுகையில் மின்புலம் குவியும். கணக்கீட்டு வலையை (மின்புலத்தைக் கணக்கிட இடத்தைப் பிரிக்கும் சிறு கண்ணிகளை) நுணுக்க நுணுக்க எண் ஏறிக்கொண்டே போகும், நிலைக்காது. ஆன்டெனாவை நிஜத்தில் அயனிக் கற்றையால் செதுக்கும்போதோ அந்த மூலை மழுங்கும், அல்லது ஒட்டிக்கொள்ளும்.

நடுக்கட்டத்தைக் காலியாக விட்டு, அதற்குள் மின்புல வர்க்கத்தின் சராசரியை மதிப்பெண்ணாக்குங்கள். மதிப்பிடும் முன்பே, மூலையில் மட்டும் தொடும் ஜோடிகளுக்குப் பக்கத்துக் கட்டம் ஒன்றை நிரப்பிவிடுங்கள். ஒளி நேர்கோட்டு முனைவாக்கம் கொண்டது (மின்புலம் ஒரே திசையில் அதிர்வது), அந்தத் திசை கட்டத்தின் அச்சோடு பொருந்துகிறது என்றால் இரு அச்சிலும் சமச்சீர் கொடுக்கலாம்: கட்டத்துக்கு ஒன்றாக இருந்த 441 பிட் 121 ஆகச் சுருங்கும், கணக்கீடும் கால்வாசியாகும். திடீர்மாற்ற வீதம் (ஒரு பிட் தற்செயலாக மாறும் வாய்ப்பு) 1/121 அளவில் தொடங்கட்டும். சிறந்த இரண்டை மாற்றாமல் அடுத்த தலைமுறைக்குக் கடத்துங்கள்.

தங்கம் ஒளிக்கு எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் கணக்கிட, கட்டற்ற எலக்ட்ரான்களை மட்டும் கொள்ளும் ட்ரூட் மாதிரி 830 நானோமீட்டரில் தாங்கும். 600-க்குக் கீழே பட்டைத் தாவல் உறிஞ்சல் (எலக்ட்ரான் ஓர் ஆற்றல் பட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி ஒளியை உறிஞ்சுவது) கூடுவதால், அதைக் கணக்கில் எடுக்கும் லோரன்ட்ஸ் உறுப்புகளையும் சேர்க்க வேண்டும்.

தேடலுக்கு 2 நானோமீட்டர் வலை போதும். 1 ஆக்கினால், முப்பரிமாணத்தில் கண்ணிகள் 8 மடங்கு, காலப் படிகள் 2 மடங்கு என வேலை 16 மடங்கு. அதை இறுதியில் தேறும் வடிவங்களுக்கு மட்டும் வையுங்கள். தலைமுறைக்கு 30 வடிவம், 100 தலைமுறை, வடிவம் ஒன்றுக்கு 10 நிமிடம் என்றாலே ஏறக்குறைய 21 நாள். ஐப்பசி மழையில் கரன்ட் போகாமல் இருக்குமா? தலைமுறைதோறும் கோப்பில் சேமியுங்கள்.