நீங்களும் உட்கார்ந்து சாப்பிடுங்கள்

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. இருவரும் வேலைக்குப் போகிறோம். அடுத்த சனிக்கிழமை இரவு கணவரின் அலுவலக நண்பர்கள் மூன்று பேர் குடும்பத்தோடு சாப்பிட வருகிறார்கள். இரண்டு குழந்தைகளையும் சேர்த்து எட்டுப் பேர். இதுவரை யாரையும் அழைத்து நான் சமைத்துப் போட்டதில்லை. சிக்கன் பிரியாணி, வெஜ் புலாவ், பூரி, பன்னீர் பட்டர் மசாலா, மீன் வறுவல், வடை, குலாப் ஜாமூன் என்று பதினொரு ஐட்டம் எழுதி வைத்திருக்கிறேன். பாதி நான் செய்தே பார்க்காதவை. எனக்கு நன்றாக வருவது கோழிக் குழம்பும் ரசமும்தான். ஏதாவது சொதப்பினால் அவருக்கு அவமானமாகிவிடுமே என்று நாலு நாளாகத் தூக்கமில்லை. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி.

பதில்: அந்தப் பட்டியலை முதலில் கிழித்துப் போடுங்கள். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது விருந்தாளிகள் இல்லை, அந்தக் காகிதம்தான். அது கல்யாணப் பந்திக்கு எழுதும் பட்டியல். பந்தியில் சமைக்க ஒரு கூட்டம், பரிமாற ஒரு கூட்டம் இருக்கும். உங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர், இரண்டு அடுப்பு.

பூரி, வடை, மீன் வறுவல் மூன்றும் சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு தட்டுக்குப் போக வேண்டியவை. ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்த வேலையே தொடங்கும். ஆளுக்கு மூன்று என்றாலும் பத்துப் பேருக்கு முப்பது பூரி. அது முடியும்வரை நீங்கள் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பீர்கள், அவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். கல்யாணமான புதிதில் சென்னையில் சின்ன வாடகை வீட்டில் இருந்தோம். நண்பர்கள் ஆறு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். தோசை என்றால் சுலபம் என்று நான்தான் சொன்னேன். ஒரே கல். என் மனைவி எட்டு மணிக்கு அடுப்பில் வைத்த கல்லைப் பத்து மணிக்கு இறக்கினாள். அவ்வளவு நேரமும் நான் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது வாசலில் நின்று, 'தோசை ரொம்ப நல்லா இருந்துச்சும்மா, வர்றோம்' என்றார்கள். அன்றைக்கு அவளிடம் அவர்கள் பேசியது அவ்வளவுதான். அப்புறம் ஆறிப்போன சாம்பாரை ஊற்றிக்கொண்டு அவள் தனியாகச் சாப்பிட்டாள். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதும் அதனால்தான்.

கோழிக் குழம்பும் ரசமும் நன்றாக வரும் என்கிறீர்கள். அப்படியானால் அதுதான் விருந்து. சோறு, கோழிக் குழம்பு, ரசம், ஒரு பொரியல், தயிர், அப்பளம். கூடவே கடையில் வாங்கிய பரோட்டா. திருச்சியில் பரோட்டாவை வீட்டில் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இனிப்பும் கடையிலேயே வாங்குங்கள். அதில் ஒரு குறைவும் கிடையாது.

சமையலுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்றைக்கே மூன்று வீட்டுக்கும் போன் போட்டு, யார் யார் என்ன சாப்பிட மாட்டார்கள் என்று கேளுங்கள். சனிக்கிழமை என்கிறீர்கள். சனிக்கிழமை கறி தொடாத வீடுகள் நிறைய. புரட்டாசியில் கேட்கவே வேண்டாம். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் இருக்கலாம். வேர்க்கடலையோ முட்டையோ ஒத்துக்கொள்ளாத குழந்தை இருக்கலாம். வந்த பிறகு தெரிந்தால் எல்லோருக்கும் சங்கடம். ஒரே ஒரு குடும்பம் சைவம் என்றாலும் அவர்களுக்கு ரசத்தையும் அப்பளத்தையும் வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். வெள்ளிக்கிழமை இரவே நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி ஒரு வத்தக்குழம்பு வைத்துவிடுங்கள். மறுநாள் அது இன்னும் நன்றாக இருக்கும். அதற்குத் தனிக் கரண்டி, தனி இடம். கோழிக் குழம்பில் விட்ட கரண்டி அதில் விழக் கூடாது.

அளவுதான் புதிதாகச் சமைப்பவர்களை அதிகம் பயமுறுத்தும். பரோட்டாவும் இருப்பதால் பத்துப் பேருக்கு முக்கால் கிலோ அரிசி தாராளம். ஐந்து லிட்டர் குக்கரில் அதை ஒரே தடவையாக வைக்காதீர்கள். அரிசி உப்பும் பொருள், தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. இரண்டு தடவையாக வைத்து, முதல் சோற்றை ஹாட் பாக்ஸில் போட்டு மூடிவிடுங்கள். கோழி, எலும்போடு ஒன்றரைக் கிலோ. வழக்கமாகப் பிராய்லர் வாங்குகிறவர் என்றால் அன்றைக்கும் பிராய்லர்தான். கௌரவத்துக்காக நாட்டுக்கோழி வாங்கினால் அதன் வேக்காடு வேறு, உங்கள் கைக்கணக்கு தப்பிவிடும்.

இருவருக்கு அரைக் கிலோ கோழியில் குழம்பு வைத்துப் பழகியிருப்பீர்கள். இப்போது அதுபோல மூன்று மடங்கு. ஆனால் எல்லாம் மூன்று மடங்காகாது. உப்பையும் மிளகாய்த்தூளையும் முதலில் இரண்டு மடங்கு போட்டு, கொதித்த பிறகு ருசி பார்த்து மீதியைச் சேருங்கள். தண்ணீரும் அப்படித்தான். அளவு கூடினால் அதே விகிதத்தில் சுண்டாது, குழம்பு நீர்த்துப் போகும். வெங்காயம்தான் நிறையப் பேர் ஏமாறும் இடம். கால் கிலோ வெங்காயம் வதங்கும் நேரத்தில் முக்கால் கிலோ வதங்கவே வதங்காது. குவிந்து கிடக்கும் வெங்காயம் தண்ணீர் விட்டுக்கொண்டு வேகும், நிறம் மாறாது. நேரமாகிறதே என்ற பதற்றத்தில் அப்படியே மசாலாவைப் போட்டுவிட்டால் குழம்பில் பச்சை வாசனை நிற்கும். அகலமான பாத்திரம் எடுங்கள், அரை மணி நேரம் முன்னதாகவே தொடங்குங்கள்.

வெள்ளி இரவு சின்ன வெங்காயத்தை உரித்து, மசாலாவை அரைத்து, ஒன்றரை லிட்டர் பாலைக் காய்ச்சி உறை ஊற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குள் குழம்பை ஏற்றுங்கள். பொரியலும் அப்பளமும் ஏழுக்குள் முடியட்டும். அப்பளத்தைப் பொரித்ததும் எண்ணெய் வடித்து இறுக்கமான சம்படத்தில் போட்டால் நமுக்காது. ஏழு மணிக்கு அடுப்பில் ரசமும் சோறும் மட்டுமே மிச்சம் இருக்க வேண்டும். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் குளித்து, புடவையோ சுடிதாரோ மாற்றிக்கொண்டு, ஒரு காபி குடித்துவிட்டு உட்காருங்கள். இதை விட்டுவிடாதீர்கள். கதவைத் திறக்கிறவர் வியர்த்து விறுவிறுத்து நின்றால், வந்தவருக்குத் தொந்தரவு கொடுக்கிறோமோ என்றுதான் தோன்றும்.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்ய வேண்டாம். பாத்ரூம் சுத்தமாக இருக்கட்டும், குடிக்கிற தண்ணீர் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும், போதும். தட்டு குறைந்தால் பக்கத்து வீட்டில் கேளுங்கள், கொடுப்பார்கள். குழந்தைகளுக்கு முதலிலேயே பருப்புச் சோறோ தயிர்ச் சோறோ கொடுத்துவிட்டால் பெரியவர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இலை போட்டால் யாராவது நின்று பரிமாற வேண்டும். அந்த யாராவது கடைசியில் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அதனால் எல்லாவற்றையும் மேஜையில் வைத்துவிடுங்கள். முதல் சுற்றை உங்கள் கணவர் பரிமாறட்டும். அப்புறம் இருவரும் அவர்களோடு உட்காருங்கள். 'நீங்க சாப்பிடுங்க, நாங்க அப்புறம் சாப்பிடுறோம்' என்ற வார்த்தை அன்றைக்கு உங்கள் வீட்டில் வரக் கூடாது. அந்த 'நாங்க' எப்போதும் ஒருத்திதான். வேண்டாம் என்று கையை மறிப்பவர் தட்டில் வற்புறுத்திப் போடவும் வேண்டாம்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை, புதிதாக வந்தவர் என்றுதான் பொருள். சாப்பாட்டைக் குறிக்க ஆரம்பித்தது பிற்பாடு. வந்தவர்களோடு பேசாமல் சமையலறையில் நின்றுவிட்டால், பதினொரு ஐட்டம் இருந்தும் விருந்து நடக்கவில்லை என்றுதான் நான் சொல்வேன்.

ஒருவேளை குழம்பு கெட்டேவிட்டால்? பரோட்டாக் கடையில் சால்னா இருக்கிறது, வீட்டில் ஒரு டஜன் முட்டை வாங்கி வையுங்கள். நடந்ததை அவர்களிடமே சொல்லிவிட்டு ஆம்லெட் போடுங்கள். இதில் உங்கள் கணவருக்கு என்ன அவமானம்? நண்பர்கள் அவருடையவர்கள், அழைத்தவரும் அவர்தான். ருசி சரியில்லை என்றால் மட்டும் பழி உங்கள் மேல் என்று யார் எழுதி வைத்தது? அவரே அப்படிச் சொல்லியிருந்தால் தவறு அவருடையது. நீங்களாகக் கற்பனை செய்து பயப்படுகிறீர்கள் என்றால், இன்றைக்கு இரவே அவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள்.

பேசும்போது இந்தப் பக்கத்தையும் அவரிடம் கொடுங்கள். மூன்று வீட்டுக்கும் போன் செய்வது, கோழி வாங்குவது, வெங்காயம் உரிப்பது, ஏழரை மணிக்குப் பரோட்டா வாங்கிவருவது, பரிமாறுவது எல்லாம் அவர் வேலை. எல்லோரும் கிளம்பிய பிறகு, மீந்த குழம்பை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுவதும்.