மிஷனரியாக ஆப்பிரிக்காவுக்குப் போகும் குடும்பத்துக்கு அங்கே உண்மையான நண்பர்கள் கிடைப்பார்களா?

உங்கள் கேள்வி இரண்டே வரி. ஆப்பிரிக்காவில் மிஷனரியாக இருக்கும் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், அங்கே உண்மையான நண்பர்கள் கிடைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது வரியைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் போவதென்று முடிவு செய்துவிட்டார், நீங்கள் இன்னும் செய்யவில்லை. வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கும். "அங்க போய் நமக்குன்னு யாரு இருக்கா?" என்று மாமியார் கேட்டிருப்பார்கள். என் மாமியாரும் அதைத்தான் கேட்டார்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஆப்பிரிக்கா என்பது 54 நாடுகள். எனக்குத் தெரிந்தது மலாவி, அதிலும் தெற்கே முலாஞ்சே மாவட்டம் மட்டும். 2014 முதல் 2019 வரை அங்கே ஒரு மிஷன் மருத்துவமனைக் குடியிருப்பில் இருந்தோம். என் கணவர் லேப் டெக்னீஷியன். கென்யாவிலோ நைஜீரியாவிலோ இருந்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம், அவர்கள் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

"மதம் மாற்றப் போனவர்களுக்கு நட்பு என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று கீழே யாராவது எழுதுவார்கள். முன்பே சொல்லிவிடுகிறேன். 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலாவியில் முக்கால் பங்குக்கு மேல் கிறிஸ்தவர்கள். ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1876இலேயே, தெற்கு மலாவியின் பெரிய நகரமான பிளாண்டயரில் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அங்கே சபை நடத்துகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களே. அவர்கள் கேட்டது லேபில் வேலை தெரிந்த ஒருவரை, அதற்காகத்தான் போனோம். என் கணவர் ஐந்து வருடத்தில் செய்த ஊழியத்தின் பெரும்பகுதி மலேரியா ஸ்லைடு பார்த்ததும், இரத்தம் குறைந்துபோய் வந்த பிள்ளைகளுக்குக் குரூப் பொருத்திக் கொடுத்ததும்தான். அது ஊழியம் இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடப் போவதில்லை.

வீட்டு வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முலாஞ்சே மலை 3,002 மீட்டர் உயரம். அடிவாரம் முழுக்கத் தேயிலை, முதல் நாள் பார்த்தபோது வால்பாறையில் இறங்கிவிட்டோமோ என்றிருந்தது. ஜூன், ஜூலையில் மொசாம்பிக் பக்கமிருந்து சிப்பெரோனி என்ற குளிர்த்தூறல் வந்து நாள்கணக்கில் நிற்கும், துணி காயாது. மக்காச்சோள மாவில் கிண்டும் ந்சீமாதான் இரண்டு வேளைச் சாப்பாடு. தொட்டுக்கொள்ளக் கீரை, அல்லது மலாவி ஏரியில் பிடித்துக் காயவைத்த உசிப்பா மீன். உசிப்பா பார்ப்பதற்கு நம் நெத்திலிக் கருவாடு மாதிரியே இருக்கும், புளி கரைத்துக் குழம்பு வைத்தால் வித்தியாசமே தெரியாது. பூசணி இலையை நிலக்கடலைப் பொடி போட்டு வேகவைப்பார்கள். அதை இங்கே வந்தும் செய்கிறேன். மின்சாரம் பெரும்பாலும் ஷீரே ஆற்றிலிருந்து வருவது. ஆற்றில் தண்ணீர் குறைந்த வருடங்களில் இரவெல்லாம் இருட்டுதான்.

இனி நட்பு. முதல் வருடம் எனக்கு யாரும் இல்லை. வாசலில் "ஓதி, ஓதி" என்று குரல் கொடுத்து வருவார்கள், வணக்கம் சொல்வார்கள், நலம் விசாரிப்பார்கள், மரியாதையாகப் போய்விடுவார்கள். எதிர்வீட்டு அமாயி மட்டும் தினமும் வந்தார். பெண்களை மரியாதையாக அங்கே அமாயி என்றே அழைப்பார்கள், அவர் பெயரை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. என் மகளைச் சிட்டெஞ்சேத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு சோள மில்லுக்குப் போய்வருவார். மகள் தமிழுக்கு முன்னால் அந்த ஊர் மொழியான சிச்சேவா பேசியது அவரால்தான்.

என்னை அந்த ஊர்ப் பெண்களில் ஒருத்தியாக ஆக்கியது சாவு வீடுதான். அங்கே ஒரு சாவு என்றால் பெண்கள் மாவும் விறகும் எடுத்துக்கொண்டு போய், உடல் இருக்கும் அறையில் தரையில் உட்கார்ந்து இரவு முழுக்கப் பாடுவார்கள். ஆண்கள் வெளியே நெருப்பு மூட்டி உட்கார்ந்திருப்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் நாற்காலி போடுவார்கள். அமாயியின் சித்தி இறந்தபோது எனக்கும் போட்டார்கள். நான் நாற்காலியில் உட்காரவில்லை. எங்கள் ஊரிலும் சாவு வீட்டில் பெண்கள் பாயில்தானே உட்காருவோம், எனக்கு அது பழக்கம். விடியும்வரை தரையில் இருந்தேன். அதற்கு மறுவாரத்திலிருந்து ஊர்ப் பெண்கள் என் அடுப்படிவரை வந்தார்கள். இதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை, பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தெற்கு மலாவியில் லோம்வே, மங்கஞ்சா மக்கள் பெண்வழிச் சமூகம். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண்ணின் ஊருக்கு வந்து குடியேறுவார். ஒரு பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் பொறுப்பானவர் அவளுடைய அண்ணன். ங்கோஸ்வே என்று ஒருவர் இரண்டு பக்கமும் நின்று பேசாமல் கல்யாணமே கல்யாணமாகாது, பெரும்பாலும் அது தாய்மாமன்தான். நமக்குத் தாய்மாமன் என்றால் மடியில் வைத்துக் காது குத்துவதோடும் சீர் வைப்பதோடும் நின்றுவிடுகிறது. அங்கே தங்கை வீட்டில் எது நடந்தாலும் கேள்வி அவரிடம்தான் வரும். இதைச் சொல்லாமல் அடுத்து சொல்லப்போவது உங்களுக்கு விளங்காது.

2017 செப்டம்பரில் முலாஞ்சேயிலும் பக்கத்து பலோம்பேயிலும் ஒரு வதந்தி கிளம்பியது. இரவில் ஆட்கள் வந்து மந்திரத்தால் மயக்கி இரத்தத்தை உறிஞ்சுகிறார்கள் என்றார்கள். எல்லைக்கு அந்தப்புறம் மொசாம்பிக்கிலிருந்து வந்த பேச்சு என்று சொன்னார்கள். சில வாரங்களில் ஊர் ஊராக இளைஞர்கள் கத்தியும் கல்லுமாக இரவுக்காவல் நிற்க ஆரம்பித்தார்கள். சந்தேகப்பட்டு அடித்தே கொன்றார்கள், பல உயிர் போயிற்று. அரசு இரவு ஏழு மணியிலிருந்து காலை ஐந்து மணிவரை ஊரடங்கு போட்டது. ஐ.நா. தன் ஊழியர்களை இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்தும் இடம் மாற்றியது. அதிபரே நேரில் வந்து போனார்.

இந்த நேரத்தில் என் கணவரின் வேலை என்ன? இரத்தம் எடுப்பது.

ஒரு நாள் காய்ச்சலில் துவண்டு கிடந்த குழந்தைக்கு இரத்தம் எடுக்கப் போனபோது அதன் அப்பா பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார். "மருத்துவமனையில் எடுக்கிற இரத்தம் எங்கே போகிறது?" என்று சந்தையில் பேசினார்கள். எங்களையும் பிளாண்டயருக்குப் போகச் சொன்னார்கள், வண்டி கிடைக்கச் சில நாளாயிற்று. அந்த முதல் நாள் சாயங்காலம் அமாயி பாயைச் சுருட்டிக்கொண்டு இரண்டு மகள்களோடு எங்கள் வீட்டுக்குள் வந்தார். "இன்றைக்கு இங்கேதான் தூக்கம்" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் அண்ணன் நாலைந்து பேரோடு எங்கள் வராண்டாவில் நெருப்பு மூட்டி உட்கார்ந்தார்.

நடு இரவில் ஒரு கூட்டம் வந்தது. மின்சாரம் இல்லை, ஜன்னல் வழியாக டார்ச் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. உள்ளே இருப்பவன்தான் இரத்தம் எடுப்பவன், வெளியே அனுப்பு என்றார்கள். எனக்கு அதற்குள் அந்த அளவுக்கு மொழி தெரிந்திருந்தது, அது தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நினைத்தேன். அமாயியின் அண்ணன் எழுந்து நின்று, "இந்த வீட்டுக்குள் என் தங்கை படுத்திருக்கிறாள். அவள் பிள்ளைகளும் இருக்கிறார்கள்" என்றார். குரலை உயர்த்தவில்லை. கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. பிறகு போய்விட்டார்கள். தங்கை பிள்ளைகளுக்குப் பொறுப்பான மனிதன், அவர்களை அந்த வீட்டுக்குள் படுக்க வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறான் என்றால், அதற்குமேல் ஒரு சாட்சி அந்த ஊரில் கிடையாது. வந்தவர்களுக்கும் அது தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அப்பாவையும் அவர்தான் போய்ப் பேசி மறுநாள் திரும்பக் கூட்டிவந்தார். குழந்தை பிழைத்தது.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, எவ்வளவு மூடநம்பிக்கை" என்று எழுத வராதீர்கள். மறு வருடம் 2018 மே மாதம் நம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு வயதான அம்மா வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக, பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். வாட்ஸப் வதந்திதான் காரணம். அந்தச் செய்தியை நான் முலாஞ்சேயில் இருந்து படித்தேன். அமாயியிடம் சொன்னேன். அவர் "உங்கள் ஊரிலுமா?" என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாவின் பெயரைக் கேட்டு ஜெபம் பண்ணினார்.

இந்த மனிதர்களைப் பற்றித்தான் எங்களை அனுப்பியவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை எழுத வேண்டும். எத்தனை கூட்டம் நடந்தது, எத்தனை பேர் வந்தார்கள் என்று கட்டம் இருக்கும். செய்திமடலுக்குப் படம் கேட்டார்கள். அமாயி தன்னிடம் இருந்ததில் நல்ல உடையை உடுத்தி, பிள்ளைகளுக்கு எண்ணெய் தடவி நிறுத்தினார். "இது ரொம்ப வசதியாகத் தெரிகிறது, வேறு படம் அனுப்புங்கள், காணிக்கை கொடுக்கிறவர்கள் மனம் இளக வேண்டும்" என்று பதில் வந்தது. நான் அனுப்பவில்லை. எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை, தீர வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. காணிக்கை கொடுக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் கோழி முட்டையை ஏலம் விட்டும், கைப்பிடி அரிசி எடுத்து வைத்தும் காணிக்கை சேர்ப்பார்கள், அந்தப் பணத்தில்தான் சாப்பிட்டோம். ஆனால் என் சிநேகிதியை நல்ல உடையில் பார்த்தால் அவர்கள் மனம் இறுகிவிடும் என்று யார் முடிவு செய்தார்கள்?

அடுத்தது கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்கிறேன். தெற்கு மலாவியில் சோளத்துக்கு ஊடுபயிராக நந்தோலோ போடுவார்கள். நந்தோலோ நம் துவரைதான். நம் சாம்பாருக்குத்தான் அதில் பெரும்பங்கு ஏற்றுமதி. 2015இல் இங்கே துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது வெளியிலிருந்து வாங்க நம் அரசு ஓடியது, 2016இல் மொசாம்பிக்கோடு ஒப்பந்தமும் போட்டது. அந்தப் பக்கம் எல்லாரும் நம்பித் துவரை போட்டார்கள். 2017 ஆகஸ்டில் இறக்குமதிக்கு வருடத்துக்கு இரண்டு லட்சம் டன் என்று வரம்பு வைத்துவிட்டோம். இங்கே விளைச்சல் அமோகம், நம் விவசாயிக்கும் விலை வேண்டும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அமாயி வீட்டில் மூட்டை மூட்டையாகத் துவரை கிடந்தது, வியாபாரி சொன்ன விலைக்கு விற்றால் மில்லுக்குக் கொண்டுபோன கூலிகூட மிஞ்சாது. மூத்த மகளின் பள்ளிக் கட்டணம் அதில்தான் கட்டுவார்கள். "உங்கள் ஊர்க்காரர்கள் பருப்புச் சாப்பிடுவதை விட்டுவிட்டார்களா?" என்று உண்மையாகவே கேட்டார். அடுத்த மாதம்தான் பாயோடு வந்து எங்கள் வீட்டில் படுத்தார். 2021இல் வருடத்துக்கு 50,000 டன் வாங்குவதாக மலாவியோடு ஒப்பந்தம் ஆனது. அந்தச் செய்தியை அவருக்கு நான் உடனே அனுப்பினேன், அதற்குள் அந்த மகள் படிப்பை விட்டிருந்தாள்.

திரும்பி வந்த பிறகும் நட்பு இருக்குமா என்றால், இருக்கிறது. 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் முலாஞ்சேயைப் புரட்டிப் போட்டபோது இரண்டு நாள் அவர் போன் கிடைக்கவில்லை. கிடைத்ததும் வீடு இடிந்ததைச் சொல்லும் முன்னால் என் அம்மாவின் டயாலிசிஸ் பற்றித்தான் விசாரித்தார்.

உங்கள் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுவீர்கள். கூட்டிக்கொண்டு போங்கள். கொசுவலையும் காய்ச்சல் வந்த அன்றைக்கே பரிசோதனையும் கட்டாயம். உள்ளூர்ப் பள்ளியில் ஒரே வகுப்பில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள், ஆனாலும் முதல் ஒரு வருடமாவது அங்கே போகட்டும், மொழி வந்துவிடும். நீங்களும் அந்த வருடம் மொழி படியுங்கள், மாதர் சங்கப் பொறுப்பு, ஞாயிறு பள்ளிப் பொறுப்பு என்று கொடுக்க வந்தால் அடுத்த வருடம் என்று சொல்லிவிடுங்கள். குக்கருக்கு காஸ்கெட் இரண்டு எடுத்துவையுங்கள், அங்கே கிடைக்காமல் போகலாம். மாமியாரிடம், யாரு இருக்கா என்று போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.