ஜாவா வலைச் செயலியில் பக்கம் திரைக்கு வரும் முன்பே செஷனில், அதாவது ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பில், தரவை ஏற்றி வைக்க எது சரியான இடம்?

கேட்டவரின் சிக்கல் இதுதான்: பயனர் உள்நுழைந்ததும் அவருடைய பெயர், உரிமைகள், மொழித் தேர்வு எல்லாம் தரவுத்தளத்திலிருந்து செஷனுக்கு வர வேண்டும். ஆனால் முதல் தடவை பக்கத்தின் மேல்பகுதி காலியாக வருகிறது, ரீஃப்ரெஷ் செய்தால் சரியாகிவிடுகிறது.

ரீஃப்ரெஷ் செய்தால் சரியாகிறது என்றால் தரவு வராமல் இல்லை, தாமதமாக வருகிறது. பக்கத்தை உருவாக்கும் ஜேஎஸ்பி கோப்பு மேலிருந்து கீழாக ஓடும். மேல்பகுதி எழுதி முடிந்த பிறகு கீழே எங்கோ செஷனை நிரப்பினால், அது அடுத்த ரிக்வெஸ்ட்டுக்குத்தான் உதவும். ரிக்வெஸ்ட் பக்கத்தை அடையும் முன் கடந்துபோகும் ஃபில்டரில், அதை அடுத்த கட்டத்துக்கு அனுப்பும் செயின்.டூஃபில்டர் என்ற வரிக்குக் கீழே நிரப்பினாலும் இதே கதைதான். அந்த வரி முடிந்து திரும்பும்போது பக்கம் ஏற்கெனவே உருவாகிவிட்டிருக்கும்.

என்னைக் கேட்டால் ஃபில்டர்தான் சரியான இடம், ஆனால் அந்த வரிக்கு மேலே. ஜாவா வலைச் செயலிகளுக்கான சர்வ்லெட் தரத்தின் 2.3 பதிப்புக் காலத்திலிருந்தே இருக்கும் வசதி இது.

பலர் முதலில் போய் நிற்பது, செஷன் உருவாவதைக் கவனிக்கும் செஷன் லிஸனரில். செஷன் உருவாகும்போதே நிரப்பிவிடலாமே என்று தோன்றும். ஆனால் செஷன் பெரும்பாலும் உள்நுழையும் பக்கத்தைத் திறக்கும்போதே உருவாகிவிடும். தனியாகத் தடுக்காவிட்டால் ஜேஎஸ்பி தானாகவே செஷனைத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் வந்திருப்பவர் யார் என்றே தெரியாது, யாருடைய தரவை ஏற்றுவது? உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வ்லெட்டிலேயே (ரிக்வெஸ்ட்டைக் கையாளும் ஜாவா நிரலிலேயே) ஏற்றிவிட்டு ரீடைரக்ட் செய்வது எளிது, அதில் தவறும் இல்லை. ஆனால் செயலியை இயக்கும் கன்டெய்னரே உள்நுழைவைப் பார்த்துக்கொண்டால், அல்லது குக்கியை நம்பித் தானாக உள்நுழையும் வசதி இருந்தால், உங்கள் சர்வ்லெட்டைத் தொடாமலே பயனர் உள்ளே வந்துவிடுவார்.

ஃபில்டரில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பயனர் யார் என்று தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் எதையும் தொடாமல் அனுப்பிவிடுங்கள். தெரிந்தால், செஷனில் அவருடைய தரவு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் மட்டும் ஏற்றுங்கள். சும்மா பார்ப்பதற்கு கெட்செஷனை ஃபால்ஸ் கொடுத்து அழையுங்கள், செஷன் இல்லையென்றால் அது புதிதாக உருவாக்காது. இல்லாவிட்டால் தேடு பொறியின் ரோபோவுக்கும் ஒரு செஷன் திறக்கும்.

தரவுத்தளம் கைவிட்டாலும் இந்த இடத்தில் கவலையில்லை. இன்னும் ஓர் எழுத்துகூட உலாவிக்குப் போகவில்லை என்பதால் பிழைப் பக்கத்துக்குத் தாராளமாகத் திருப்பலாம். ஜேஎஸ்பிக்குள் அப்படி முடியாது. எழுதியதை அனுப்பும் முன் அது சேர்த்து வைக்கும் பஃபர் இயல்பாக 8 கேபி. அது நிரம்பி வெளியே போய்விட்டால் பாதிப் பக்கம் தொங்கும். அதற்குப் பிறகு புதுச் செஷன் தொடங்க முயன்றால், குக்கி அனுப்ப வழியில்லாததால் இல்லீகல்ஸ்டேட்எக்ஸெப்ஷன் வரும்.

இதில் எளிதில் தப்பிவிடும் விஷயம் ஒன்று. உள்நுழைந்த உடனே ஒரே உலாவியிலிருந்து பல ரிக்வெஸ்ட்டுகள் ஒன்றாக வரலாம். முதலில் பெயர், அப்புறம் உரிமைகள், அப்புறம் மொழி என்று தனித்தனியாக செட்ஆட்ரிப்யூட் மூலம் செஷனில் வைத்தால், நடுவில் நுழையும் இன்னொரு ரிக்வெஸ்ட் பெயரைப் பார்த்துவிட்டு எல்லாம் தயார் என்று நினைத்துக்கொள்ளும், உரிமைகள் காலியாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஆப்ஜெக்டில் முழுமையாக நிரப்பிய பிறகு ஒரே தடவையில் செஷனில் வையுங்கள். எப்போதாவது இரண்டு ரிக்வெஸ்ட்டுகள் அதே தரவை ஆளுக்கொரு முறை படிக்கும். அதற்காகப் பூட்டுப் போட்டுக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. பல சர்வர்களுக்கிடையே செஷன் நகரும் என்றால் அந்த ஆப்ஜெக்ட் சீரியலைசபிளாக, அதாவது பைட்டுகளாக மாற்றி அனுப்பக்கூடியதாக இருக்கட்டும்.

சிஎஸ்எஸ், படங்கள் போன்றவை ஃபில்டருக்குள் வராதபடி, எந்த முகவரிகளுக்கு அது ஓட வேண்டும் என்ற மேப்பிங்கைச் சுருக்கிவிடுங்கள். உள்நுழைவைச் சரிபார்க்கும் ஃபில்டர் தனியாக இருந்தால் அது இதற்கு முன் ஓட வேண்டும். அந்த வரிசையை செயலியின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல்லில் எழுதுங்கள், நிரலிலேயே எழுதும் அனோடேஷனில் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை.

வலைச் செயலி எழுத உதவும் ஃபிரேம்வொர்க்குகளிலும் வழி உண்டு. ஸ்பிரிங் எம்விசியில் இதே வேலையை இன்டர்செப்டரின் ப்ரீஹேண்டில் செய்யும். ஜேஎஸ்எஃப்பில் 2.2 முதல், பக்கம் வரையப்படும் முன் ஓடும் வியூஆக்‌ஷன் இருக்கிறது, இயல்பாக போஸ்ட்பேக்கில் (பக்கத்தின் படிவம் அதே பக்கத்துக்கே திரும்பி அனுப்பப்படும்போது) அது ஓடாது. செஷன் ஸ்கோப் பீனின் (செஷன் உள்ளவரை வாழும் ஆப்ஜெக்டின்) போஸ்ட்கன்ஸ்ட்ரக்டில், அதாவது அது உருவானதும் ஓடும் மெத்தடில், ஏற்றுவதும் வழக்கம்தான், ஆனால் பீனைப் பக்கம் முதன்முதலில் தொடும்போதுதான் அது ஓடும். அது பாதிப் பக்கம் எழுதிய பிறகாகவும் இருக்கலாம்.

கடைசியாக, ஒரு பக்கத்துக்கு மட்டும் தேவையான பட்டியல்களைச் செஷனில் போடாதீர்கள். அதைச் சர்வ்லெட்டில் படித்து ரிக்வெஸ்ட்டில் வைத்து ஜேஎஸ்பிக்கு ஃபார்வர்ட் செய்தால் போதும். செஷனில் வைத்த தரவு தானாகப் புதுப்பிக்காது. பயனர் மொழியை மாற்றினால், மாற்றத்தைச் சேமிக்கும் அதே இடத்தில் செஷனிலிருந்து பழைய ஆப்ஜெக்டை நீக்கிவிடுங்கள், அடுத்த ரிக்வெஸ்ட்டில் ஃபில்டர் புதிதாக ஏற்றிக்கொள்ளும்.