மினிடிவி (MiniDV) என்னும் சிறு டிஜிட்டல் வீடியோ கேசட்டை ஓட்டவும் பதியவும் வீட்டு டெக் இருக்கும்போது, எடிட்டிங்குக்குத் தொழில்முறை டிஜிட்டல் டெக் எதற்கு?

படத்தின் தரத்தைவிட, ஃபிரேம் பிசகாமல் வெட்டி ஒட்டுவதில்தான் பெரிய வேறுபாடு. சோனி 1996-இல் கொண்டுவந்த டிவிகேம் (DVCAM) என்ற தொழில்முறை டேப் வகையையே எடுத்துக்கொள்ளுங்கள். மினிடிவி போலவே அதுவும் நொடிக்கு 25 மெகாபிட்டில்தான் பதிகிறது. ஆனால் டேப்பில் படம் பதியும் கோடான டிராக்கின் அகலம் 10 மைக்ரானுக்குப் பதில் 15. டேப் ஒன்றரை மடங்கு வேகமாக ஓடும், 60 நிமிட கேசட்டில் 40 நிமிடம்தான் கிடைக்கும். பதிலுக்கு, நடுவில் ஒரு ஷாட்டை நுழைக்கும் இன்செர்ட் எடிட் நம்பகமாக அமைகிறது.

அடுத்து ஆர்எஸ்-422 என்ற ஒன்பது முள் இணைப்பு. எடிட் கன்ட்ரோலர் இதன்வழியே, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் உள்ள நேர எண்ணான டைம்கோடைப் படித்து, இரு டெக்குகளையும் வெட்டுப்புள்ளிக்குச் சில நொடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ஒன்றாக ஓடவிட்டு, குறித்த ஃபிரேமில் பதிவைத் தொடங்கும். படத்தை விட்டுவிட்டு ஒலியை மட்டும் மாற்றலாம். ஜாக் சக்கரத்தைத் திருப்பி ஒவ்வொரு ஃபிரேமாக நகரும் சுகம் மவுஸில் வராது என்பது என் கட்சி.

1993-இல் வந்த டிஜிட்டல் பீட்டாகேம் என்ற தொழில்முறை டேப் வகையின் எடிட்டிங் டெக்குகளில் ப்ரீ-ரீட் என்றொரு வசதி உண்டு. டேப்பில் ஏற்கெனவே உள்ள படத்தை முதலில் படித்து, அதோடு புதுப் படத்தைக் கலந்து, அதே இடத்தில் திரும்பப் பதியும். ஒரு படம் மங்க மங்க அடுத்தது தெளிந்துவரும் டிஸ்ஸால்வ், இரண்டே டெக்கில் முடிந்துவிடும். கை தவறினால் பழைய படம் போச்சு!

பழைய மினிடிவி கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவது மட்டும்தான் வேலை என்றால், கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் இணைப்பு உள்ள வீட்டு டெக்கே போதும்.