காமன் ஆப்பில் ஐந்து விருதுகளுக்குத்தான் இடம்: எதைப் போடுவது, எதை விடுவது?

"மகனிடம் பதினெட்டு சான்றிதழ் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான காமன் ஆப் விண்ணப்பத்தில் ஐந்துக்குத்தான் இடம். எதை எழுதுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். போன வருஷம் இதே வேலையை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்தோம். மகள் ஒரு ஷூ பெட்டி நிறைய இருந்த பதக்கங்களைக் கொட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

பாதி சுலபமாகக் கழிந்துவிட்டது. விண்ணப்பத்தின் விருதுப் பகுதி ஒன்பதாம் வகுப்பிலிருந்து வாங்கியவற்றுக்குத்தான். ஏழாம் வகுப்பு ஸ்பெல்லிங் பீ கோப்பையை ஓரமாக வைக்க எனக்குத்தான் மனசு வரவில்லை. கலந்துகொண்டதற்காகக் கொடுத்த சான்றிதழ்களும் போயின. தங்க நிற முத்திரையோடு தபாலில் வந்த ஒரு கடிதமும் இருந்தது. மேலே "தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்", கீழே கட்ட வேண்டிய தொகை. பணம் கட்டுகிறவருக்கெல்லாம் கிடைப்பதை விருது என்று எழுதவே எழுதாதீர்கள்.

அரங்கேற்றத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. சின்ன வயதிலிருந்து ஆடிய பிள்ளை, அதை எப்படி விடுவது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். "அப்பா, அது நான் செஞ்சது. யாரும் எனக்குக் குடுத்தது இல்லையே" என்றாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. அரங்கேற்றத்துக்குரிய இடம் செயல்பாடுகள் பகுதி. அங்கே பத்து வரிசை உண்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்றும் கேட்பார்கள். அந்த உழைப்பு அங்கேதான் தெரியும். அதன் பிறகு ஒவ்வொரு சான்றிதழையும் கையில் எடுத்து ஒரே கேள்விதான் கேட்டோம்: பலரை வைத்துப் பார்த்து, இவளை யாராவது தேர்ந்தெடுத்தார்களா?

ஏபி ஸ்காலர் இந்தக் கேள்வியில் கொஞ்சம் தடுமாறும். பள்ளியிலேயே எழுதும் கல்லூரி அளவுத் தேர்வுதான் ஏபி. மூன்று ஏபி தேர்வுகளில் ஐந்துக்கு 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் இந்த விருது தானாக வந்துவிடும். அந்த மதிப்பெண்களை விண்ணப்பத்திலேயே வேறு இடத்தில் எழுதிவிடலாம். இடம் மீந்தால் போடுங்கள். நேஷனல் மெரிட் என்ற தேசிய உதவித்தொகைப் போட்டி அப்படியல்ல. அதற்காகப் பிஎஸ்ஏடி என்ற தேர்வை எழுதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் சுமார் 50,000 பேருக்குத்தான் அங்கீகாரம். அதில் சுமார் 16,000 பேர் அடுத்த சுற்றுக்குப் போகும் செமிஃபைனலிஸ்ட், மற்றவர்கள் பாராட்டோடு நிற்கும் கமெண்டட். கமெண்டட்தானே என்று தயங்க வேண்டாம்.

உங்கள் மகன் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவன் என்றால் இரண்டு மொழிகளில் தேர்ச்சிக்குத் தரும் சீல் ஆஃப் பைலிட்டரசி முத்திரையை மறக்காதீர்கள். கலிபோர்னியா 2011ல் சட்டமாக்கித் தொடங்கி வைத்தது, பிறகு மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. முத்திரை பொதுவாகப் பள்ளிப் பட்டமளிப்பின்போதுதான் கிடைக்கும். அதற்கு முன்பே தமிழ்த் தேர்வில் தேறியிருந்தால், தேறியதை மட்டும் உள்ளபடி எழுதலாம்.

நிறைய பேர் கோட்டை விடுவது எழுதும் விதத்தில். ஒரு விருதுக்கு 100 எழுத்துதான், இடைவெளியும் சேர்த்து. பள்ளியில் கிடைத்த இயற்பியல் விருதுக்கு மகள் முதலில் பெயரை மட்டும் எழுதியிருந்தாள். அந்த ஊரே தெரியாதவருக்கு அதில் என்ன புரியும்? பள்ளியின் பெயர் விண்ணப்பத்தில் ஏற்கெனவே இருப்பதால் அதை எடுத்துவிட்டு, "ஆண்டுக்கு ஒரே மாணவர், ஆசிரியர்கள் தேர்வு" என்று சேர்த்தோம். வெறும் பள்ளி அளவிலான அந்த விருதையே முதல் வரிசையில் வைத்தாள். தேசிய அளவு விருதுதான் மேலே வர வேண்டும் என்று நான் சொன்னேன், அவள் கேட்கவில்லை. படிக்கப் போவது இயற்பியல், அதைக் கற்பித்தவர்களே தன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றாள். இன்று கேட்டாலும் அவள் வைத்த வரிசைதான் சரி என்பேன்.

கடைசியில் நான்குதான் தேறியது. ஐந்தாவது இடத்தைக் காலியாகவே விட்டு அனுப்பினோம். பதினெட்டிலிருந்து உங்களுக்கு மூன்றுதான் மிஞ்சினால், அந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.