ஆகஸ்ட் ஊர்வலத்துக்குப் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

நம் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலிருந்து நியூ ஜெர்சி எடிசனுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது என்கிறாய். வாடகை நியாயம்தானா, லைசென்ஸ் எடுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறாய். கூடவே, அறையில் இருக்கிற பையன்கள் ஆளுக்கொரு கட்சி பேசி அடித்துக்கொள்கிறார்களே, இந்தியச் சுதந்திர தினத்துக்காக நியூயார்க்கில் நடக்கிற இந்தியா டே பரேடுக்கு யாரோடு போவது, போகத்தான் வேண்டுமா என்றும் ஒரு கேள்வி. வாடகையும் லைசென்ஸும் ஆபீஸில் யாரும் சொல்லித் தருவார்கள். பரேடு விஷயத்தில் நான் அடிபட்டவன், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

போ மக்கா. ஆனால் யார் எதைக் கையில் தந்தாலும் வாசிக்காமல் பிடிக்காதே.

2001-ல் நான் வந்து இறங்கியபோது ஒரு பேஸ்மென்ட் அறையில் இடம் கிடைத்தது. கூட இருந்தவர் திருவட்டாறுக்காரர், எனக்குப் பத்து வயது மூத்தவர், பம்பாயில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். முதல் சம்பளம் வரும்வரை எனக்குச் சோறு போட்டது அவர்தான். ஆகஸ்டில் மாடிசன் அவென்யூவுக்குப் போனேன். அவ்வளவு கொடிகளை ஒரே தெருவில் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கூட்டத்தில் ஒருவர் ஒரு அட்டையை நீட்டினார். மூலையில் மூவர்ணக்கொடி இருந்ததால் ஆசையாக வாங்கித் தூக்கிப் பிடித்து நடந்தேன். எழுதியிருந்தது இந்தியில். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. திருவட்டாறு அண்ணாச்சி உயிராய் நினைத்த தலைவரைக் கேவலமாகத் திட்டிய வாசகம் அது. தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் அதை வாசித்தார். அன்றைக்கு ராத்திரியும் எனக்குச் சோறு எடுத்து வைத்திருந்தார், ஆனால் பேசவில்லை. ஒன்றரை வருடம் பேசவில்லை.

அந்த ஊர்வலம் 1981 முதல் நடக்கிறது. இந்தியச் சங்கங்களின் கூட்டமைப்பு நடத்துகிறது. மாடிசன் அவென்யூவில் 38-வது தெருவிலிருந்து தெற்கே போகும். இருபது வருடம் இங்கே இருந்துகொண்டு "அது குஜராத்திக்காரன் திருவிழா" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் நம்மாட்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். வண்டியில் வரும் சினிமா நட்சத்திரத்தோடு படம் எடுத்ததும் கிளம்பிவிடுகிறவர்கள் இன்னொரு கூட்டம். நான் குஜராத்திக்காரர்களோடு குஜராத்தியிலேயே பேசுமளவு கற்றுக்கொண்டேன். நடந்தால்தானே பழக்கம் வரும்?

கட்சியை ஊர்வலத்துக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு நீ இருக்கிற எடிசனே சாட்சி. 2022-ல் அங்கே நடந்த ஊர்வலத்தில் ஒரு புல்டோசரை ஓட்டிவந்தார்கள். உத்தரப்பிரதேசத்தில் முஸ்லிம்களின் வீடுகளை இடித்ததை அது நினைவுபடுத்தியது. முஸ்லிம்கள் மனம் நொந்துபோனார்கள், நடத்தியவர்கள் பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். 1982-ல் நம் பக்கத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதுவரை அம்மா பெயர் சொல்லி மீன் வாங்கிய பெண் அதன்பின் எங்கள் தெருவுக்கு வரவே இல்லை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

நம் ஊரெல்லாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலத்து மலையாள ஆட்சி மேல் எங்கள் தாத்தாவுக்கு ஆறாத கோபம். தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடியவர்களை 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பழகிய ஆளைப் பறிகொடுத்தவர். ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடமாட்டார். நாலு நாள் கழித்து 15-ம் தேதி கொடியேற்றத்துக்கு முதல் ஆளாய் நிற்பார். 1956 நவம்பர் 1-ல் நம் நாலு தாலுகாவும் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும், பத்மநாபபுரம் சரஸ்வதியும் குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போவது நிற்கவில்லையே. உங்கள் ஊர் வழியாகத்தானே போகிறது, நீயும் பார்த்திருப்பாய். களியக்காவிளையில் தமிழ்நாட்டுப் போலீஸும் கேரளப் போலீஸும் மரியாதை செய்யும். அந்தப் போலீஸை எனக்குக் காட்டுவதற்காகவே தாத்தா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்.

திருவட்டாறு அண்ணாச்சியின் அப்பா ஊரில் இறந்தபோது அவரால் போக முடியவில்லை. கஞ்சியும் பயறும் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்து, "உள்ளே வா, குளிருது" என்றார். அட்டையைப் பற்றி இன்றுவரை இருவரும் பேசவில்லை. அவர் கட்சி மாறவில்லை, நானும் மாறவில்லை. தேர்தல் முடிவு வருகிற அன்று மட்டும் போன் பண்ணிக்கொள்ளமாட்டோம்.

மெட்ரோபார்க்கில் ரயில் ஏறி பென் ஸ்டேஷனில் இறங்கு. அங்கிருந்து கிழக்கே நடக்கிற தூரம்தான். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள், ஆகஸ்ட் வெயில் நம்மூர் வெயிலைப் போலத்தான். அண்ணாச்சிக்கு இப்போது முழங்கால் வலி, மடக்கு நாற்காலி போட்டு 27-வது தெருப் பக்கம் உட்கார்ந்திருப்பார். டப்பாவில் மரச்சீனியும் மீன்கறியும் இருக்கும். உன் அறைப் பையன்கள் எல்லாரையும் கூட்டி வா. யாராவது அட்டை தந்தால் முதலில் அவரிடம் காட்டு, வாசித்துச் சொல்வார்.