சுவரிலிருக்கும் அந்தப் பெட்டியைத் தொடலாமா?

தம்பி, வேலையிடத்தில் ஒருவர் மயங்கி விழுந்து மூச்சில்லாமல் கிடக்கிறார், சுவரில் இருக்கும் ஏஈடியை (நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி, அதாவது ஷொக், கொடுக்கும் கருவி) எடுத்துப் பாவித்தும் ஆள் தப்பவில்லை என்றால் என்மேல் வழக்கு வருமா, பிஆர் (நிரந்தர வதிவிட) விண்ணப்பம் இழுபடுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வராது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இதற்கென்றே 2007இல் ஒரு சட்டம் வந்தது. பெயர் சேஸ் மக்கெக்கர்ன் சட்டம். சேஸ், பரி நகரத்தில் ஐஸ் ஹொக்கி விளையாடிய பையன். அரங்குகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இந்தக் கருவி வேண்டும் என்று குரல் கொடுத்தவன். 2006இல், 11 வயதில், அவனே இதயம் நின்று இறந்துபோனான்.

நல்ல எண்ணத்தோடு, காசு எதிர்பாராமல், ஆள் விழுந்த இடத்திலேயே கருவியைப் பாவித்தால், கை தவறிப் பிழை நடந்தாலும் உங்களிடம் நட்டஈடு வாங்க முடியாது. படுமோசமான அலட்சியம் என்று நிரூபித்தால் மட்டும் வேறு கதை. பயிற்சிச் சான்றிதழும் சட்டம் கேட்கவில்லை. கருவியை ஒழுங்காகப் பராமரித்து வைத்திருக்கும் கட்டட உரிமையாளருக்கும் பாதுகாப்பு உண்டு, முதலாளி ஏசுவாரோ என்ற யோசனையும் வேண்டாம். உயிர் காக்கப் போனது குற்றமில்லை, பிஆருக்கும் அதற்கும் சம்பந்தமுமில்லை.

எனக்கு இது பட்மின்டன் கோர்ட்டில் நடந்தது. பெட்டிக் கதவைத் திறந்ததும் அலாரம் கத்தியது. களவில் பிடிபட்டவன்போல் கையை இழுத்துக்கொண்டேன். அது ஆட்களைக் கூப்பிடும் சத்தம்தான் என்று பிறகுதான் தெரியும். மூடியைத் திறந்தால் பெரும்பாலும் கருவியே பேசத் தொடங்கும். பட்டைகளை எங்கே ஒட்டுவது என்று படமும் இருக்கும். ஷொக் தேவையா என்பதை அதுதான் தீர்மானிக்கும், தேவையில்லாதவருக்கு நாங்கள் நினைத்தாலும் கொடுக்காது. அன்று வேண்டாம் என்றது, நெஞ்சை அழுத்தச் சொன்னது. அம்புலன்ஸ் வரும்வரை மாறிமாறி அழுத்தினோம். ஆள் தப்பவில்லை. பொலிஸ் நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டு போனது. ஆறு வருஷமாகிறது, ஒரு கடிதமும் வரவில்லை.

எங்கள் ஆட்கள் தயங்கும் இன்னோர் இடம், விழுந்தவர் பெண்ணாக இருந்தால். பட்டை வெறும் தோலில்தான் ஒட்ட வேண்டும், பல பெட்டிகளில் உடுப்பை வெட்டவென்றே கத்தரிக்கோலும் வைத்திருப்பார்கள். வெட்டுங்கள். நெஞ்சை அழுத்தாமல், ஷொக் கொடுக்காமல் போகும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் குறைகிறது.

எல்லாவற்றுக்கும் முதல் ஒருவரை 911 அடிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் ‘தமிழ்’ என்றால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.